சேம அச்சும் வண்டி மையும்: கொங்குப் பெருவழியில் நெடும்பயணக் கருவிகள்

கோயம்புத்தூரிலிருந்து பல்லடம் வழியாகத் தாராபுரம் செல்லும் சாலையில் அமைந்துள்ள குண்டடத்தின் கொங்கு வடுகநாதர் கோயிலைப் பற்றி வழங்கும் கதையில், மிளகு மூட்டைகளுடன் பாண்டிய நாட்டுக்குச் செல்லும் வணிகன் ஒருவன் இவ்வூரில் இரவு தங்குகிறான். முதியவர் வடிவில் வந்து மிளகு கேட்ட இறைவனிடம் மூட்டையில் இருப்பது பயறு என்று பொய் கூறியதால் மிளகு முழுவதும் பயறாகி விடுகிறது. கதையின் சமயப் பொருள் ஒருபுறமிருக்க, மேற்குத் தொடர்ச்சி மலையைப் பாரம் ஏற்றிச் செல்வோர் எளிதில் கடக்க இடம் தரும் பாலக்காட்டுக் கணவாயையும் மதுரையையும் இணைத்த வழியில் இவ்வூர் ஒரு தங்குமிடமாகக் கருதப்பட்டது என்பதை அது காட்டுகிறது. கோயம்புத்தூரை அடுத்த சுண்டக்காமுத்தூர் அருகே பாறையில் பொறிக்கப்பட்டுள்ள சோழர் காலக் கல்வெட்டு 'இராசகேசரிப் பெருவழி' என ஒரு சாலைக்குப் பெயரே சூட்டியிருப்பதால், கொங்கு நாட்டின் வண்டித்தடங்கள் அரசின் கவனத்துக்கும் உரியவையாக இருந்தன எனலாம்.

இத்தகைய வழிகளில் செல்வோர் எதை உடன் எடுத்துச் சென்றனர் என்ற வினாவுக்கு மிகப் பழைய விடை புறநானூற்றின் 102ஆம் பாடலில் உள்ளது. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், உமணர், அதாவது உப்பு வணிகர், பாரம் மிகுந்த வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் 'சேம அச்சு' என்னும் மாற்று அச்சை அவனுக்கு உவமையாக்குகிறார். எருதுகள் இளையவை, சுமை பெரிது, முன்னே பள்ளமா மேடா என்பது தெரியாது என்று அப்பாடல் அடுக்கும் காரணங்கள், கருவியைத் தெரிவு செய்யும் முறையையே வகுத்துரைப்பவை. கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு பொருளும் விற்பனைச் சரக்கின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், வழியில் உடையக்கூடியதும் வழியில் கிடைக்காததுமான பொருளே முதலில் வண்டியேறியது.

பிற்காலத்துப் பாரவண்டியிலும் இந்த விதி மாறவில்லை. சக்கரத்தின் நடுவிலுள்ள குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், அவற்றைத் தாங்கும் வட்டை, அதன்மேல் பழுக்கக் காய்ச்சிப் பூட்டி நீரூற்றி இறுக்கிய இரும்புப் பட்டா ஆகியவற்றுள் எது தளர்ந்தாலும் தச்சரையும் கொல்லரையும் தேடிச் செல்ல நேரும். கோடையில் மரம் காய்ந்து சுருங்கிப் பட்டா கழலும் என்பதால், அமராவதி போன்ற ஆறுகளைக் கடக்கும்போது வண்டியைச் சற்று நேரம் நீரிலேயே நிறுத்திச் சக்கரங்களை ஊறவைத்தனர். சுட்ட வைக்கோலின் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்த வண்டி மை, மூங்கில் குழாயில் அடைக்கப்பட்டு வண்டியின் அடியில் தொங்கியது. முட்டுக்கொடுத்து வண்டியை நிறுத்தி, கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தை வெளியே இழுத்து அச்சின் முனையில் அந்த மையைத் தடவுவது நெடும்பயணத்தின் அன்றாட வேலையாக இருந்தது. கைப்பிடி அளவேயான கடையாணி தொலைந்தால் சக்கரம் கழன்று சரக்கு முழுவதும் சாயும் என்பதால், மாற்றுக் கடையாணியின்றிப் புறப்படுவது பெரும் பிழை.

ஆயினும் எல்லாக் கருவிகளுக்கும் முந்தியது காளைத் தேர்வே. கிளுவை வேலியும் வெள்வேல மரங்களும் கொழுக்கட்டைப் புல்லும் கொண்ட கொறங்காடு எனும் மானாவாரி மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்த காங்கயம் காளை, வறட்சியையும் குறைந்த தீவனத்தையும் தாங்கும் இயல்புடையது. இவ்வினத்தைப் பேணி மேம்படுத்தியதில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரும் பங்குண்டு. தீவனம் குறைவாகத் தேவைப்படும் காளை, சோளத்தட்டுக்கு ஒதுக்க வேண்டிய இடத்தைச் சரக்குக்குத் தருகிறது என்பதால், இதன் மதிப்பை இழுவைத் திறனால் மட்டும் அளவிடுவது போதாது. பிளந்த குளம்புக்கு இரண்டாக, ஒரு காளைக்கு எட்டு லாடங்கள் அடிக்கப்பட்டன.

1860களில் இருப்புப்பாதை திருப்பூர் வழியாகச் சென்றபின் நெடும்பயணம் சுருங்கி, தாராபுரம், காங்கயம் பக்கத்துப் பருத்தி வண்டிகளுக்குத் திருப்பூரே முடிவிடமாயிற்று. இருப்புப்பாதை எட்டாத தாராபுரத்துக்கும் குண்டடத்துக்கும் அதன்பின்னரும் வண்டியே துணையாக இருந்தது. பின்னர் வந்த டயர் வண்டி பட்டாவையும் வைக்கோல் கரி மையையும் தேவையற்றவையாக்கி, காற்றடிக்கும் பம்பையும் பஞ்சர் ஒட்டும் பொருள்களையும் அவற்றின் இடத்தில் வைத்தது.