கொயினாப் பட்டையிலிருந்து குருதித் துளி வரை

க.பொ.த. உயர்தரத்தில் இரசாயனவியல் படித்த எமக்கெல்லாம் சுவாலைச் சோதனை நினைவிருக்கும். பிளாற்றினக் கம்பியில் உப்பைத் தொட்டுச் சுவாலையில் பிடித்தால் சோடியம் பொன்மஞ்சள் காட்டும்; பொற்றாசியம் இளம் ஊதா காட்டும். வைத்தியசாலைகளிலும் நெடுங்காலம் இதே முறைதான் கருவி வடிவில் இருந்தது. நோயாளியின் குருதிச் சீரத்தைச் சுவாலையில் தூவிச் சோடியத்தை அளந்தார்கள். ஆனால் உயிருள்ள கலமொன்றைச் சுவாலையில் பிடிக்க முடியாதே. அதைக் கொல்லாமல், அதன் உள்ளே நடப்பதைக் காண வேறொரு வெளிச்சம் தேவைப்பட்டது. அந்த வெளிச்சத்தின் கதை மேல்நாட்டு ஆய்வுகூடங்களின் கதை என்றே நாம் படித்தோம். எமது மலைகளுக்கும் அதில் பங்குண்டு.

1845இல் ஜோன் ஹேர்ஷல் கொயினா கரைசலொன்றில் ஒரு விந்தையைக் கண்டார். நிறமற்ற அந்தத் திரவத்தின் மேற்பரப்பு, வெயில் பட்டதும் நீலமாக ஒளிர்ந்தது. 1852இல் ஜோர்ஜ் ஸ்ரோக்ஸ் காரணத்தை விளக்கினார். கண்ணுக்குத் தெரியாத ஊதாக்கடந்த கதிரைக் கொயினா உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. புளோரொளிர்வு என்ற பெயர் அவர் வைத்ததே.

அந்தக் கொயினா சிங்கோனா மரப்பட்டையிலிருந்து வருவது. எமது பாடசாலை தோன்றுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் முன்பே, 1861இல், சிங்கோனாவுக்கென ஹக்கலவில் ஒரு தோட்டம் அமைக்கப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளர் துவைற்ஸ் அதை மேற்பார்த்தார். கோப்பியில் இலைநோய் 1869இல் தென்பட்டபின் துரைமார் பலர் சிங்கோனாவுக்கு மாறினார்கள். முதல் தேயிலைத் தோட்டமென்று நாம் மனனம் செய்த லூல்கந்துரவிலேயே ஜேம்ஸ் ரெய்லர் சிங்கோனாவும் வளர்த்தார். பின்னர் சந்தையில் பட்டை மலிந்து விலை சரிய, தேயிலை வென்றது. மரம் நட்டு, பட்டை உரித்து, உலர்த்தியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து நடந்துவந்த எம் முன்னோர். துரைமாரின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. இவர்களுடையவை இல்லை.

எமது பாடசாலையின் ஆரம்ப ஆண்டுகள் மலேரியாவின் ஆண்டுகளும்கூட. 1934–35 கொள்ளைநோயில் இலங்கையில் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். அன்று கைக்கு எட்டிய மருந்து கொயினாவே. 1942இல் ஜாவா ஜப்பானியர் கைக்குப் போனதும் உலகின் கொயினாவில் பெரும்பகுதி அதனுடன் போயிற்று. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேற்றன் பிரபு தமது தென்கிழக்காசியத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தார். குண்டசாலைக்கு நகரின் மறுபுறத்தில், பேராதனைப் பூங்காவிலிருந்து பர்மாப் போர் நடத்தப்பட்டது. அந்தப் போர்முனைச் சிப்பாய்கள் கொயினாவுக்குப் பதிலாக விழுங்கியது மெப்பக்ரின் என்னும் மஞ்சள் மாத்திரை. தோலே மஞ்சளித்துப் போகும்.

எத்தனை மாத்திரை போதும் என்பதே கேள்வி. குறைந்தால் காய்ச்சல், கூடினால் நஞ்சு. விடை காண, விழுங்கிய மருந்தில் எவ்வளவு குருதியில் நிற்கிறது என்று அளக்க வேண்டும். நியூயோர்க்கில் புரோடியும் யூடன்பிரெண்டும் மெப்பக்ரினின் ஒளிர்வையே அளவுகோலாக்கினார்கள். நல்ல கருவியில்லாத குறையை அவர்கள் உணர்ந்ததன் தொடர்ச்சியாக, றொபேட் போமன் நிறமாலைப் புளோரொளிர்வுமானியை உருவாக்கினார். 1956இல் அது விற்பனைக்கு வந்தது. மருந்தே ஒளிர்ந்தது அவர்களின் அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். சோடியமோ கல்சியமோ அப்படித் தாமாக ஒளிர்வதில்லை. அவற்றைப் பிடித்ததும் ஒளிரும் மூலக்கூறொன்றை மனிதரே செய்தாக வேண்டும்.

1985இல் அமெரிக்காவில் றொஜர் சியெனின் குழு, கலத்தினுள் கல்சியத்தைக் காட்டும் பியூரா-2வை வெளியிட்டது. அதே ஆண்டு கொழும்புப் பல்கலைக்கழக இரசாயனவியல் துறையிலிருந்து ஏ. பி. டி சில்வாவின் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அவர் பெல்பாஸ்ற் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பியவர். நாடு எப்படி இருந்த ஆண்டுகள் அவை என்பதை எம் தலைமுறைக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

அவரது மூலக்கூறுக்கு மூன்று உறுப்புகள்: ஒளிரும் பகுதி, அயனைப் பிடிக்கும் பகுதி, நடுவே சிறு இடைவெளி. பிடிக்கும் பகுதி வெறுமையாக இருக்கையில் அதிலிருந்து இலத்திரனொன்று தாவிச் சென்று ஒளியை அணைத்துவிடும். அயன் வந்து அமர்ந்ததும் அந்த இலத்திரன் தாவ முடியாது, ஒளி ஏற்றப்படும். ஆளி போட்ட விளக்கு மாதிரித்தான். 1985இல் அமிலத்தன்மைக்கும், 1986இல் சோடியம், பொற்றாசியம் போன்ற உலோக அயன்களுக்கும் இதைச் செய்து காட்டினார்கள். 1986இல் அவர் மீண்டும் பெல்பாஸ்ற் சென்றார். இழப்பு எமக்கே. 1993இல் இரு அயன்கள் சேர்ந்தால் மட்டும் ஒளிரும் மூலக்கூறை, கணினியின் தருக்கப் படலை போல, அவரது குழு நேச்சர் இதழில் வெளியிட்டது.

பயன் அதோடு நிற்கவில்லை. இதே தத்துவத்தில் அமைந்த உணரிகள், மருத்துவ நிறுவனங்களுடன் சேர்ந்து, சிறு பேழைகளாக வடிவம் பெற்றன. சில துளி குருதியில் சோடியம், பொற்றாசியம், கல்சியம் அளவுகளை நோயாளியின் பக்கத்திலேயே, அம்புலன்ஸிலும்கூட, அவை சொல்லிவிடுகின்றன. வயிற்றோட்டத்தில் துவண்ட பிள்ளைக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் பொற்றாசியம் ஏறியிறங்குவது இதயத்தையே நிறுத்தக்கூடியது. மாதிரி ஆய்வுகூடம் போய்த் திரும்பும் நேரம் அவர்களுக்கு மிக நீண்டது.

எம் பழைய மாணவியரில் ஆய்வுகூடங்களில் பணிபுரிவோர் பலர். கொயினா சல்பேற்று இன்றும் அங்கு ஒளிர்வை ஒப்பிடும் நியமமாக இருப்பதை அவர்கள் அறிவார்கள். கொயினா கலந்த ரொனிக் பானத்தை ஊதாக்கடந்த விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தால் ஹேர்ஷல் கண்ட அதே நீலத்தை எவரும் காணலாம். தோட்டங்களில் சிங்கோனா பட்டை உரித்த கதையைப் பாட்டி, பூட்டியரிடம் கேட்டறிந்த சகோதரியர் அதை எழுதி அனுப்பினால் சங்கத்தின் ஆவணக் கோவையில் சேர்த்துக்கொள்வோம்.