மூக்கு வழியா இன்சுலின்: நூறு வருஷ முயற்சி

நெய்வேலியில சர்க்கரை நோயாளிகள் அடிக்கடி கேக்கிற கேள்வி: "சார், ஊசிக்குப் பதிலா மூக்குல அடிக்கிற ஸ்ப்ரே வராதா?" நியாயமான கேள்விதான். ஒரு சிட்டிகை பட்டணம் பொடி எவ்வளவு சீக்கிரம் தலைக்கு ஏறும்னு பொடி போடுற தாத்தா இருந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும். நிக்கோட்டின் போற வழியில இன்சுலின் ஏன் போகாது? கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

1922 ஜனவரியில டொரன்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயசுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டாங்க. அதே வருஷமே அமெரிக்காவில் வுட்யாட் என்ற மருத்துவர் அதை மூக்கு வழியா கொடுத்துப் பார்த்தார். பெருசா பலன் இல்லை.

ஆனா அதே 1922-ல பாஸ்டனில் ப்ளம்கார்ட் பிட்யூட்டரி சாறை மூக்கில் விட்டார். குடம் குடமா சிறுநீர் போகுமே, 'டயபடிஸ் இன்சிபிடஸ்' (சர்க்கரைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை), அந்த நோய் கட்டுப்பட்டது! அப்புறம் பல வருஷம் மாட்டு பிட்யூட்டரியைக் காயவெச்சு, பொடியாக்கி, நிஜமாவே மூக்குப்பொடி மாதிரி உறிஞ்சினாங்க. சிலருக்கு அதனாலேயே ஆஸ்துமாவும் நுரையீரல் நோயும் வந்தது. இன்னைக்கு அந்த இடத்துல டெஸ்மோபிரெசின் இருக்கு.

டெஸ்மோபிரெசினில் 9 அமினோ அமிலம்தான். ஸ்ப்ரேயில உள்ளே போறது நூத்துல 3, 4 பங்கு. மைக்ரோகிராம் கணக்குல தேவைப்படுற மருந்து, அதனால அதுவே போதும். இன்சுலினுக்கு 51 அமினோ அமிலம். அவ்வளவு பெரிய உருவம் மூக்குச் சவ்வுல நுழையறதுக்குள்ள, சளி அதை 15, 20 நிமிஷத்துல தொண்டைக்குத் தள்ளிடும்.

அப்போ கதவைக் கொஞ்சம் திறந்து விட்டா? அதுதான் 'உறிஞ்சல் ஊக்கிகள்'. 1983-ல பாஸ்டன் குழு ஒண்ணு இன்சுலினோட பித்த உப்பைச் சேர்த்தது. ரத்தத்துல சர்க்கரை இறங்கிச்சு! ஆனா மூக்கு எரிஞ்சது. பித்த உப்பும் ஒருவகை சோப்பு மாதிரிதான்; செல்லோட சவ்வையே இளக்கும். தினம் மூணு வேளை, வாழ்நாள் முழுக்க மூக்கைச் சோப்பால கழுவ முடியுமா? அப்புறம் நாட்டிங்ஹாமில் லிஸ்பெத் இல்லம் குழு கைட்டோசானை எடுத்தது. நம்ம கடலூர் பக்கம் தூக்கி எறியிற இறால் ஓட்டுல இருந்து எடுக்கிற சரக்குதான். சவ்வுல ஒட்டிக்கிட்டு, செல்களுக்கு நடுவுல இருக்கிற இடுக்கைக் கொஞ்ச நேரம் தளர்த்தும். மென்மையானது. ஆனா அதுலயும் இன்சுலின் கடைக்கு வரலை.

1995-ல டென்மார்க் ஆய்வு ஒண்ணு கிட்டத்தட்ட தீர்ப்பே சொல்லிடுச்சு. லெசித்தின் சேர்த்தும், ஊசியில போடுறதைப்போல சுமார் 20 மடங்கு இன்சுலின் தேவைப்பட்டது. அப்பவும் சர்க்கரை சரியா அடங்கலை. சளி பிடிச்ச நாள்ல ஒரு அளவு, மறுநாள் இன்னொரு அளவுன்னு உள்ளே போனா, இன்சுலின் மாதிரி மருந்துல அது உயிருக்கே ஆபத்து.

ஜெயிச்சது இன்சுலினுக்கு நேர் எதிரான ஹார்மோன், குளுக்ககான். சர்க்கரை ரொம்ப இறங்கி மயங்கினவங்களுக்கு அவசரத்துக்குக் கொடுக்கிறது. கனடாவில் ராபர்ட் ஓரிங்கர் (அவரோட பிள்ளைகளுக்கு டைப் 1) தொடங்கிய சின்ன கம்பெனி இதைப் பொடியாக்கியது. ஊக்கி, டோடெசில்பாஸ்போகோலின். ஊசிக்கு 1 மில்லிகிராம்னா மூக்குக்கு 3. அளவு கொஞ்சம் கூடினாலும் பாதகமில்லை, மூக்கு எரிஞ்சாலும் என்னைக்கோ ஒருநாள்தானே! 2019-ல அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது. மயங்கினவர் மூச்சை இழுக்கக்கூட வேணாம். ஃப்ரிட்ஜும் வேணாம், 30 டிகிரி வரை தாங்கும் (நம்ம ஊர் மே மாசத்துக்கு அது பத்தாதுதான்).

இது கைல இல்லாத வீட்டுல யாராவது மயங்கினா, வாயில சர்க்கரைத் தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குப் போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108-க்குக் கூப்பிடுங்க.