தைத்த கையும் ஆறிய புண்ணும்

சென்ற விடுமுறையில் ஒரு நாள் மாலை நாம் எருக்கலம்பிட்டிக் கரைக்குச் சென்றிருந்தோம். முதியவர் ஒருவர் மணலிற் காலை நீட்டி அமர்ந்து, கிழிந்த வலையை நைலோன் நூலாற் பொத்திக்கொண்டிருந்தார். அவருடைய குதிக்காலின் மேல் நீண்ட பழைய வடு ஒன்று தெரிந்தது. அது எப்படி வந்தது என்று வினவினோம்.

"திருக்கை முள்ளுக் குத்தினது தம்பி. நல்ல ஆழம். ஆஸ்பத்திரியிலே டொக்டர் காலைச் சுடுதண்ணிக்குள்ளே வைக்கச் சொன்னார். பிறகு முள்ளுத் துண்டுகளைத் தேடி எடுத்துக் கழுவினார். ஆனால் தைக்கமாட்டன் எண்டுட்டார். எங்களுக்குச் சரியான கோவம். தைக்காத புண் எப்படி ஆறும்?"

"ஆறினதா காக்கா?"

"காலைத்தானே பாக்கிறீங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

வீடு திரும்பிய பின்னும் அக்கேள்வி நம்மை விடவில்லை. காயம் என்றதும் தையல் என்றே நாம் நினைக்கிறோம். எத்தனை தையல் போட்டார்கள் என்று கேட்டுத்தான் காயத்தின் பெருமையையே அளக்கிறோம். அவ்வாறிருக்க, தைக்க மறுக்கும் அறிவு வைத்தியருக்கு எங்கிருந்து வந்தது? இதனை ஆராயப் புகுந்த நாம் கண்டவற்றை இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் முன் வைக்கிறோம்.

புண்ணைத் தைப்பது மிகப் பழைய தொழில். எகிப்தில் கி.மு. 1600 அளவில் எழுதப்பட்டு, இன்று எட்வின் சிமித் என்பவரின் பெயரால் வழங்கும் பாப்பிரசுச் சுருள் காயங்களைத் தைப்பது பற்றிப் பேசுகிறது. நம் தமிழிலோ, பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் சேரன் செங்குட்டுவனைப் பாடும் பரணர், போர்க்களத்தில் மார்பு பிளந்த வீரரைத் தைத்த நீண்ட வெண்ணிற ஊசியைக் காட்டுகிறார். மீனைத் தேடிக் குளத்துள் மூழ்கி எழும் சிரல் என்னும் மீன்கொத்தியை அதற்கு உவமையாக்குகிறார். மன்னார்க் கரையில் அப்பறவை பாய்ந்தெழக் கண்டவர்க்கு, குருதியுள் மறைந்து மறுபுறம் மின்னி வெளிவரும் ஊசி கண்முன்னே தோன்றும்.

வடமொழியிலுள்ள சுசுருத சங்கிதை இத்தொழிலை இன்னும் விரிவாகக் கூறுகிறது. சதை குறைந்த இடத்துக்கும் மூட்டுக்கும் இரண்டு விரல் நீளமுள்ள உருண்டை ஊசி. சதைப்பற்றுள்ள இடத்துக்கு மூன்று விரல் நீளமுள்ள முப்பட்டை ஊசி. வயிறு முதலிய இடங்களுக்கு வில்போல் வளைந்த ஊசி. மெல்லிய நூல், சணல், மரப்பட்டை நார், தசைநார், மயிர் ஆகியன தைக்கும் இழைகள். மாணவன் முதலில் துணியின் விளிம்பிலும் மெல்லிய தோலின் விளிம்பிலும் தைத்துப் பழக வேண்டும். குடல் கிழிந்திருந்தால் கரிய எறும்புகளைக் கிழிசலிற் கடிக்கவிட்டு, தலையை மட்டும் விட்டு உடலைக் கிள்ளிவிட வேண்டும். கடித்த தலைகள் விளிம்புகளைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

இவற்றினும் நம் மனத்தைக் கவர்ந்தவை மூன்று விதிகள். ஊசியை விளிம்புக்கு மிக எட்டவும் குத்தாதே, மிகக் கிட்டவும் குத்தாதே என்பது ஒன்று. எட்டக் குத்தினால் நோவு மிகும், கிட்டக் குத்தினால் விளிம்பு கிழியும். தூசி, மயிர், எலும்புத் துண்டு முதலியவற்றை அகற்றிய பின்பே தைக்க வேண்டும், இல்லையேல் புண் சீழ்கொள்ளும் என்பது மற்றொன்று. நஞ்சால் உண்டான புண்ணையும், உள்ளே அந்நியப் பொருள் தங்கிய புண்ணையும் தைக்கலாகாது என்பது மூன்றாவது.

காக்காவின் கேள்விக்கு விடை இங்கேயே கிடக்கிறது. திருக்கையின் முள் நஞ்சுடையது. வாளின் பற்கள்போன்ற பற்களை உடையது. உடைந்து உள்ளே தங்குவது. சூடு அந்நஞ்சின் வேகத்தைத் தணிக்கும், ஆகவே சுடுநீர். துண்டுகள் உள்ளிருக்கத் தோலைத் தைத்து மூடினால் வெளியே அழகும் உள்ளே சீழுமாக முடியும். ஆகவே திறந்து விடுதல்.

இவ்விடத்தில் வாலிபராகிய நமக்கு ஒரு சோதனை வருகிறது. எல்லாம் நம் முன்னோரிடம் இருந்தன என்று மார்தட்டத் தோன்றுகிறது. மிஷன் பாடசாலையில் பாஸ்டரையும் லிஸ்டரையும் படித்துவிட்டு, வீட்டிலே நம் பழைய நூல்களின் பெருமையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது மிகுதியாகவே தோன்றியது. ஆயின் சரித்திரம் உடனே ஒரு கேள்வி கேட்கிறது: தைத்த அந்தக் கை என்னவாயிற்று?

1792ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலேயப் படையின் மாட்டுவண்டிக்காரரான கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் படையிடம் சிக்கினார். மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டன. ஏறக்குறைய ஓராண்டின் பின் பூனா நகருக்கருகே ஒருவர் அவருடைய நெற்றித் தோலை இறக்கித் திருப்பிப் புதிய மூக்கு அமைத்தார். ஆங்கிலேய வைத்தியர் இருவர் அருகிருந்து பார்த்தனர். அச்சிகிச்சையில் தையலே இல்லை! காசுக்கட்டியை நீரிற் குழைத்துத் துணிக் கீற்றுகளிற் பூசி, ஐந்தாறு கீற்றுகளை ஒன்றன்மேலொன்றாக ஒட்டி, நான்கு நாள் அசையாமல் வைத்தார், புண் கூடியது. 1794 ஒக்டோபரில் இலண்டன் சஞ்சிகையொன்று இதனை வெளியிட்டது. அதைக் கண்டு ஊக்கங்கொண்ட கார்ப்பியூ என்னும் வைத்தியர் 1814இல் இலண்டனில் அம்முறையைச் செய்து வெற்றி கண்டார்.

அந்த இலண்டன் ஏடு மூக்கிழந்தவரின் பெயரை அச்சிட்டது. மூக்குத் தந்தவரையோ செங்கல் செய்யும் குலத்தவர் என்று மட்டுமே குறித்தது. நம் தமிழ் நாட்டிலும் கட்டியைக் கீறியவரும் புண்ணுக்கு மருந்திட்டவரும் பெரும்பாலும் நாவிதரே; பிரசவம் பார்த்தவர் அவர் வீட்டு மருத்துவச்சியே. பரிகாரி என்ற சொல் வைத்தியருக்கும் நாவிதருக்கும் பொதுவாக வழங்கியதற்கு அகராதியே சாட்சி. நோய் வந்தபோது அவர் கையை நாடினோம். நோய் தீர்ந்தபின் அவரை வாசலில் நிறுத்தினோம். ஏடு ஒரு வீட்டிலும் கத்தி வேறொரு வீட்டிலும் இருந்தன. படித்தவன் புண்ணைத் தொடவில்லை. புண்ணைத் தொட்டவனைப் படிக்க விடவில்லை. வித்தை வளராமற் போனதற்கு அந்நியரை மாத்திரம் குறை கூறலாமோ?

ஐரோப்பாவிலும் கத்தி பிடித்தவர் நாவிதரே. ஆயின் அங்கே அக்கை எழுதக் கற்றது. 16ஆம் நூற்றாண்டிற் பிரான்சில் நாவித வைத்தியராகத் தொடங்கி அரசர்களுக்கே வைத்தியரான அம்புரோசு பாரே, புலவர் மொழியாகிய இலத்தீனை விட்டுத் தம் தாய்மொழியில் நூல்கள் எழுதினார். கட்டியவன் தான், ஆற்றியவன் இறைவன் என்ற கருத்துப்பட அவர் கூறியது இன்றும் வைத்தியர் வாயில் வழங்குகிறது.

எனினும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கும் தைத்த புண்கள் சீழ்கொள்வதே வழக்கமாயிருந்தது. 1865 ஓகஸ்டில் கிளாஸ்கோ நகரில், வண்டி ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் திறந்த புண்ணுக்கு யோசேப்பு லிஸ்டர் கார்போலிக் அமிலம் தோய்ந்த கட்டுப் போட்டார், சீழின்றி ஆறியது. சீழுக்குக் காரணம் கிருமி என்று பாஸ்டரின் ஆராய்ச்சியிலிருந்து தெளிந்த அவர், 1867இல் தம் முறையை உலகறிய வெளியிட்டார். ஆட்டுக்குடலில் திரித்த நூலை அவ்வமிலத்தில் ஊறவைத்துக் கட்டும் முறையை 1869இல் அறிவித்தார். அந்நூல் நாளடைவில் உடலுக்குள்ளேயே கரைந்துவிடும்.

அதே 1867ஆம் ஆண்டில் நம் யாழ்ப்பாணத்திலும் ஒரு பெருங்காரியம் நிகழ்ந்தது. அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், துரூயிற்று என்பவரின் சத்திரவைத்திய நூலை இரண வைத்தியம் என்ற பெயரில் தமிழில் வெளியிட்டார். மானிப்பாயிலிருந்து பணியாற்றிய அவர், 1864 முதல் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரிடம் பயின்றவர் 60 பேருக்கு மேல். அவருடைய சமயம் வேறு, நம் சமயம் வேறு. ஆயினும் ஏட்டையும் கத்தியையும் ஒரே தமிழ் மாணவன் கையிற் கொடுத்தாரே, அதற்காக நாம் அவரை வணங்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இனி, இன்றைய அறிவு கூறுவதென்ன? புண்ணை ஆற்றுவது நூலன்று, உடலே. குருதி உறைகிறது, வெள்ளணுக்கள் வந்து கிருமியையும் கழிவையும் அகற்றுகின்றன, பின் புதிய குருதிக்குழாய்களும் நார்த்தசையும் முளைக்கின்றன. தையலின் வேலை, விளிம்புகள் விலகாமற் சில நாள் பிடித்துக்கொடுப்பதே. அந்த வேலை முடிந்ததும் முகத்துத் தையலை ஐந்து நாளளவிலும், கைகால் தையலைப் பத்துப் பதினான்கு நாளிலும் அகற்றுகின்றனர். ஆறிய தோல் பல மாதங்களின் பின்னும் பழைய வலிமையில் ஏறக்குறைய 80 வீதத்துக்கு மேல் எட்டுவதில்லை. இறுக்கிக் கட்டினால் குருதியோட்டம் தடைப்பட்டு, நூலுக்குள் அகப்பட்ட தசையே மடிகிறது. வலிமை வேண்டி இறுக்குபவன் வலிமையைக் கெடுக்கிறான்.

1935இல் அமெரிக்காவிற் கண்டுபிடிக்கப்பட்ட நைலோன் இன்று காக்காவின் வலையிலும் இருக்கிறது, வைத்தியரின் ஊசியிலும் இருக்கிறது. இழை மாறியது, கேள்வி மாறவில்லை. விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் குத்துவது? நெதர்லாந்தில் வயிற்றைத் திறந்து சிகிச்சை பெற்ற 560 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சி 2015இல் வெளிவந்தது. ஒரு சென்ரிமீற்றர் தள்ளித் தைத்தவர்களில் 100க்கு 21 பேருக்கு ஓராண்டில் தழும்பின் வழியே குடல் பிதுங்கியது. அரைச் சென்ரிமீற்றர் அளவில் நெருக்கமாகத் தைத்தவர்களில் 13 பேருக்கே அவ்வாறாயிற்று. மிக எட்டவும் வேண்டாம், மிகக் கிட்டவும் வேண்டாம் என்று பழைய நூல் சொன்னதை, எவ்வளவு என்று இவர்கள் அளந்து கண்டார்கள். சொன்னவருக்கும் மரியாதை, அளந்தவருக்கும் மரியாதை.

வாலிப அன்பர்களே! நம் பழம்பெருமையைப் பேசுவோம், அது உண்மை. ஆனால் கைத்தொழிலை இழிவென்று ஒதுக்கிய நம் பழைய குற்றம் இன்னும் உள்ளே தங்கிய முள்ளாகவே இருக்கிறது. அதை எடுக்காமல் மேலே பெருமையென்னும் நூலாற் தைத்து மூடினால் என்னாகும் என்பதைச் சுசுருதரே சொல்லிவிட்டார். முதலில் முள்ளை எடுப்போம், கழுவுவோம். புண் தானே கூடும்.