வங்காளதேசத்தில் வாய்வழி நீரேற்றச் சிகிச்சை

வாய்வழி நீரேற்றச் சிகிச்சை என்பது வயிற்றுப்போக்கினால் உடல் இழக்கும் நீரையும் உப்புக்களையும், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை அருந்தச் செய்வதன் மூலம் ஈடுசெய்யும் முறையாகும். இது இன்றைய வடிவில் உருவானதில் டாக்கா, கல்கத்தா ஆகிய இரு நகரங்களின் பங்கு பெரிது. 1980 தொடக்கம் 1990 வரை வங்காளதேசத்தின் சிற்றூர்களில் இம்முறை வீடு வீடாகத் தாய்மாருக்குக் கற்பிக்கப்பட்டது. வளரும் நாடுகளில் குழந்தை இறப்பைக் குறைக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இது கருதப்படுகின்றது.

அறிவியல் அடிப்படை

வயிற்றுப்போக்கில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கிருமியன்று, நீரிழப்பே. வாந்திபேதி கண்ட ஒருவர் ஒரு நாளிலேயே பல லீட்டர் நீரை இழக்கக்கூடும். வெறும் நீரையோ உப்பு நீரையோ குடிப்பதால் போதிய பயனில்லை. நோயுற்ற குடல் அதனைச் சரிவர உறிஞ்சுவதில்லை. ஆனால் சோடியமும் குளுக்கோசும் ஒன்றாகக் குடற்சுவரைக் கடக்கும் ஒரு வழி உண்டு. நோயின்போதும் அவ்வழி அடைபடுவதில்லை. அவை இரண்டும் செல்ல, நீரும் பின்தொடர்கின்றது. இவ்விணைப்பை 1960 இல் ராபர்ட் கிரேன் என்னும் உயிர்வேதியியலாளர் விளக்கினார். சர்க்கரை மிகுந்துவிட்டால் நீர் குடலுக்குள் இழுக்கப்பட்டு நோய் கூடும். உப்பு மிகுந்தால் குழந்தைக்கு வலிப்பு வரலாம். ஆகவே அளவே இங்கு மருந்து எனலாம்.

கண்டுபிடிப்பு

கல்கத்தா மருத்துவர் ஏமேந்திரநாத் சட்டர்ஜி, வாய்வழிக் கரைசலால் வாந்திபேதி நோயாளரைக் குணப்படுத்தியதாக 1953 இலேயே எழுதினார். அது அன்று போதிய கவனத்தைப் பெறவில்லை. 1968 இல் டாக்காவில் இருந்த வாந்திபேதி ஆய்வுகூடத்தில் டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ் ஆகிய இளம் அமெரிக்க மருத்துவர்கள், இழந்த அளவுக்கு ஈடாகக் குளுக்கோசுக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தால் சிரை வழியே ஏற்றும் நீரின் தேவை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைவதைக் காட்டினர்.

மருத்துவமனைக்கு வெளியே இதன் வலிமை 1971 இல் தெரிந்தது. வங்காளதேச விடுதலைப் போரின்போது ஏதிலிகள் மேற்கு வங்காள எல்லையில் உள்ள பன்காவுன் நகரில் குவிந்தனர், வாந்திபேதி பரவியது. சிரைவழி ஏற்றும் நீர்மம் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனாபிசு குளுக்கோசு, உப்பு, சமையல் சோடா ஆகியவற்றைப் பொட்டலங்களாகக் கட்டி வருவித்து, கரைசலைக் கொள்கலன்களில் நிரப்பி, உறவினர்களே குவளையில் ஊட்டுமாறு செய்தார். முன்னர் 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. பயிற்சியில்லாதோர் கையில் சிகிச்சையைக் கொடுக்கலாகாது என்று எண்ணிய மருத்துவ உலகம் இதனை ஏற்கச் சில ஆண்டுகள் எடுத்தது. மகலனாபிசு 2022 இல் காலமானார்; 2023 இல் அவருக்குப் பத்ம விபூசண் விருது அறிவிக்கப்பட்டது.

வீடு வீடாகக் கற்பித்தல்

பொட்டலங்களை எல்லாச் சிற்றூர்களுக்கும் கொண்டுசெல்ல அன்றைய வங்காளதேசத்தில் வழியில்லை. 1972 இல் பசுலே அசன் ஆபேத் நிறுவிய பிராக் என்னும் தொண்டு நிறுவனம், வீட்டில் உள்ளவற்றைக் கொண்டே கரைசல் செய்யத் தாய்மாருக்குக் கற்பிக்க முனைந்தது. மூன்று விரல்களால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என்பதே அளவு. அரைச் சேர் என்பது அரை லீட்டருக்குச் சற்றுக் குறைவு. எழுத்தறிவு இல்லாதோரும் மறவாதிருக்க விரலே அளவுகோலாயிற்று. நீரின் அளவு அவரவர் வீட்டுப் பாத்திரத்திலேயே குறியிட்டுக் காட்டப்பட்டது. வெல்லத்தில் சிறிது பொட்டாசியம் இருப்பது கூடுதல் நன்மை.

குழுக்களாக ஊர் ஊராகச் சென்ற பெண் பணியாளர்கள் தாய்மாருடன் அமர்ந்து, நினைவில் கொள்ளவேண்டியவற்றைச் சொல்லிக் கொடுத்து, கரைசலைத் தாயே தன் கையால் செய்யுமாறு பணித்தனர். ஊதிய முறைதான் இத்திட்டத்தின் தனித்தன்மை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் சில வீடுகளுக்குச் சென்று, தாய் எவ்வளவு நினைவில் வைத்துள்ளார், சரியாகக் கலக்கிறாரா என்று பார்ப்பார். கரைசலின் மாதிரி ஆய்வுகூடத்திலும் சோதிக்கப்பட்டது. அதற்கேற்பவே பணியாளரின் ஊதியம் அமைந்தது. எத்தனை வீடுகளுக்குச் சென்றார் என்பதன்று, தாய் என்ன கற்றுக்கொண்டார் என்பதே கணக்கு. அரசுத் திட்டங்களில் இத்தகைய கணக்கு அரிது.

எனினும் தொடக்கத்தில் ஏமாற்றமே கிடைத்தது. தாய்மார் பாடத்தைப் பிழையின்றி ஒப்பித்தனர். ஆனால் குழந்தைக்கு நோய் வந்தபோது கரைசலைப் பயன்படுத்தியோர் மிகச் சிலரே. விசாரித்ததில் இரு காரணங்கள் தெரிந்தன. பணியாளர்களிற் பலர் தமக்கு நோய் வந்தால் மருந்துக் கடைக்கே சென்றனர். தாம் நம்பாததைப் பிறருக்குக் கற்பித்தனர். மற்றொன்று, வீட்டில் முடிவெடுக்கும் ஆண்களிடம் எவரும் பேசவில்லை. பின்னர்ப் பணியாளர்களுக்குக் கரைசல் செயற்படும் விதம் விளக்கப்பட்டது. பள்ளிவாசல்களிலும் சந்தைகளிலும் பள்ளிகளிலும் ஆண்களுக்குக் கூட்டங்கள் நடந்தன. வானொலி, தொலைக்காட்சி விளம்பரங்களும் வந்தன. அதன் பின்னரே பயன்பாடு உயர்ந்தது. 1990 இல் திட்டம் முடிவுற்றபோது 1 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கற்பிக்கப்பட்டிருந்தது.

பிற்கால மாற்றங்கள்

உள்நாட்டில் உற்பத்தியாகும் மலிவான பொட்டலங்கள் இப்போது வெல்லக் கரைசலின் இடத்தைப் பெரிதும் பிடித்துள்ளன. வங்காளதேசத்தில் வயிற்றுப்போக்குற்ற குழந்தைகளுள் நான்கில் மூன்று பங்கு அளவினர் நீரேற்றக் கரைசல் பெறுவதாக மக்கள்தொகை, நலவாழ்வு ஆய்வுகள் காட்டின. ஒப்பிட்டால், இந்தியாவில் 2019-21 ஆய்வில் இது ஏறத்தாழ 61 விழுக்காடே.

உலக நலவாழ்வு அமைப்பு 2002 இல் கரைசலின் செறிவைக் குறைத்தது. அதன்படி ஒரு லீட்டர் நீருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோசு 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட்டு 2.9 கிராம் சேர்க்கப்படும். 2004 முதல் 10 தொடக்கம் 14 நாட்களுக்குத் துத்தநாகமும் கொடுக்கப் பரிந்துரைக்கப்படுகின்றது. தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. நோயின்போது பட்டினி போடும் பழைய வழக்கம் குழந்தையை மேலும் மெலியச் செய்யும்.

கரைசல் நீரிழப்பை ஈடுசெய்யுமேயன்றி நோயை வராமல் தடுக்காது. தூய குடிநீர், கழிவகற்றல், ரோட்டா வைரசுத் தடுப்பூசி ஆகியன அதற்குத் தேவை. 1980 களின் தொடக்கத்தில் ஆண்டுதோறும் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் வயிற்றுப்போக்கினால் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. அண்மைக் கணக்குகளின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் இத்தொகை 4 இலட்சத்துக்குச் சற்று மேல்.