காற்றுத் தூரிகை

காற்றுத் தூரிகை (ஏர்பிரஷ்) என்பது அழுத்தப்பட்ட காற்றின் உதவியுடன் நீர்ம வண்ணத்தை நுண்துளிகளாக மாற்றித் தெளிக்கும் ஒரு சிறு கைக்கருவியாகும். வானூர்தி, மகிழுந்து, தொடர்வண்டி போன்றவற்றின் சிற்றுருக்களுக்கு வண்ணம் பூசுவதில் இது பெரிதும் பயன்படுகிறது. தூரிகைக் கோடுகள் விழாத சீரான பூச்சும், ஒரு நிறத்திலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாக மாறும் சாயலும் இதன் சிறப்புகள் ஆகும்.

வரலாறு

19 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் இக்கருவி உருவானது. சார்ல்ஸ் பர்டிக் என்பவரின் வடிவமைப்பு 1893 இல் சிக்காகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. இன்றைய கருவிகள் இதன் அடிப்படை அமைப்பையே பின்பற்றுகின்றன. தொடக்கத்தில் ஒளிப்படங்களைத் திருத்துவதற்கு இது மிகுதியாகப் பயன்பட்டது.

செயற்படும் முறை

கருவியின் முனையில் கூம்பு வடிவ நுண்துளையும் அதனுள் ஓர் ஊசியும் உள்ளன. முனையைச் சுற்றி விரைந்து வெளியேறும் காற்று அங்கு அழுத்தத்தைக் குறைப்பதால், வண்ணம் வெளியே இழுக்கப்பட்டுத் துளிகளாகச் சிதறுகிறது. ஒற்றைச் செயல் வகையில் விசை காற்றை மட்டும் திறக்கும். வண்ணத்தின் அளவைத் தனித் திருகு மூலம் முன்னரே அமைக்க வேண்டும். இரட்டைச் செயல் வகையில் விசையை அழுத்தினால் காற்றும், பின்னுக்கு இழுத்தால் வண்ணமும் வரும். மேற்புறம் கிண்ணம் கொண்ட, 0.3 மி.மீ. துளையுள்ள இரட்டைச் செயல் கருவி புதியவர்களுக்கு ஏற்றது. 0.2 மி.மீ. துளை நுண்கோடுகளுக்கு உதவும். எனினும் எளிதில் அடைத்துக்கொள்ளும்.

காற்றழுத்தி

இத்தொகுதியில் பெரும்பாலும் கூடுதல் செலவு பிடிப்பது காற்றழுத்தியே (கம்ப்ரசர்). எண்ணெய் தேவைப்படாத, ஏறத்தாழ 1/6 குதிரைத்திறனும் 3 லிட்டர் கலனும் கொண்ட சிறிய இயந்திரம் போதுமானது. கலன் இருந்தால் காற்று துடிப்பின்றிச் சீராக வரும். அழுத்தச் சீராக்கியும் ஈரப்பொறியும் கட்டாயம் தேவை. அழுத்தப்படும்போது சூடாகும் காற்று குழாயில் குளிர்கையில் அதிலுள்ள நீராவி நீராக மாறும். அந்நீர் பூச்சின் மீது தெறித்தால் பூச்சு கெடும்.

கொங்கு நாட்டில்

கோயம்புத்தூர் வட்டாரம் எக்கி, மின்னோடி, காற்றழுத்தி ஆகியவற்றின் உற்பத்திக்குப் பெயர் பெற்றது. காற்றழுத்தி தயாரிக்கும் எல்ஜி எக்யூப்மென்ட்ஸ் நிறுவனம் 1960 இல் இந்நகரிலேயே தொடங்கப்பட்டது. பட்டறைகளிலும் வட்டக்கடைகளிலும் உள்ள பெரிய காற்றழுத்திகளைச் சீராக்கி பொருத்திக் காற்றுத் தூரிகைக்குப் பயன்படுத்தலாம். எனினும் அவை பெரும்பாலும் 7 முதல் 10 பார் அழுத்தம் தருவதால், சீராக்கி இன்றி நேரடியாக இணைத்தல் கூடாது. எண்ணெய் இட்டு இயங்குபவற்றுக்கு எண்ணெய் வடிகட்டியும் வேண்டும்.

பழைய குளிர்பதனப் பெட்டியின் காற்றழுத்தி ஓசையின்றி இயங்கும்; விலையும் குறைவு. ஆனால் அதில் தானே நின்றுவிடும் அழுத்த ஆளி இல்லை. கலனையும் பாதுகாப்பு வால்வையும் முறையாகப் பொருத்தாவிடில் கலன் வெடிக்கும் அபாயம் உண்டு. புதிய பெட்டிகள் பலவற்றில் தீப்பற்றக்கூடிய ஐசோபியூட்டேன் வளிமம் உள்ளதால், அவற்றைப் பயிற்சி பெற்றவர்களே கழற்ற வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வலுவாக வீசும் ஜூன் முதல் ஆகத்து வரையிலான காலத்தில், திறந்த மாடியில் வண்ணம் பூசினால் தூசி ஒட்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரப்பொறியை அடிக்கடி வடிக்க வேண்டும்.

வண்ணமும் அழுத்தமும்

வண்ணத்தைப் பால் பதத்திற்கு நீர்க்கச் செய்தல் வேண்டும். சிற்றுருக்களுக்குச் சதுர அங்குலத்திற்கு 15 முதல் 25 பவுண்டு வரையிலான அழுத்தம் (ஏறத்தாழ 1 முதல் 1.7 பார்) பொதுவாக ஏற்றது. வண்ணம் சிலந்திக் கால்கள் போலப் பரவினால் அது மிகவும் நீர்த்துள்ளது அல்லது அழுத்தம் மிகுந்துள்ளது எனலாம். பூச்சு மணல் போலச் சொரசொரப்பாக இருந்தால், வண்ணம் பரப்பை அடையுமுன்பே உலர்ந்துவிட்டது எனலாம். ஒரே தடவையில் கனமாகப் பூசுவதை விட, மெல்லிய பூச்சுகள் பலவற்றை இடுவதே சிறந்தது. முதலில் தாளிலும் பயனற்ற நெகிழிப் புட்டிகளிலும் நீர்சார் அக்ரிலிக் வண்ணத்தைக் கொண்டு பழகலாம்.

பாதுகாப்பு

நுண்துளிகள் நுரையீரலின் உட்பகுதி வரை செல்லக்கூடியவை. நீர்சார் வண்ணமாயினும் துகள் வடிகட்டும் முகமூடி அணிதல் வேண்டும். தின்னர் கலந்த வண்ணங்களின் ஆவியைத் துணியோ காகித முகமூடியோ தடுக்காது. கரிம ஆவிகளுக்கான செயலூட்டிய கரி வடிகட்டி கொண்ட முகமூடி தேவை. தின்னர் ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால் அருகில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது.

வாகனப் பட்டறைகளில் பயன்படும் இருகூறுப் பாலியூரித்தேன் வண்ணங்களின் கடினமாக்கியில் ஐசோசயனேட்டுகள் உள்ளன. இவை நிலையான ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியவை. பட்டறையில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக இவற்றை வீட்டறையில் தெளித்தல் கூடாது.

பராமரிப்பு

ஒவ்வொரு நிறத்திற்குப் பின்னும் உரிய கரைப்பானைக் கிண்ணத்தில் ஊற்றி, நிறமின்றி வரும் வரை தெளிக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஊசியைக் கழற்றித் துடைக்க வேண்டும். ஊசியின் நுனி வளைந்தால் தெளிப்பு ஒரு பக்கமாகச் சாயும். காற்றழுத்திக் கலனில் தேங்கிய நீரையும் வடித்துவிடுதல் துருப்பிடிப்பதைத் தடுக்கும்.