நாடிழந்தவரின் குடும்பப் படம்

பிரபுக்கள் வீட்டுக் குடும்பப் படம் என்றால் பட்டாடை, நகை, பின்னால் ஒரு மாளிகை என்றுதான் மனம் போகும். இவை பணத்தைச் சொல்லும். குலத்தின் உயர்வைச் சொல்ல இவை மட்டும் போதா. அதை முகலாயர் நன்கு அறிந்திருந்தனர்.

‘தீமூர் வம்சத்து இளவரசர்கள்’ என்ற ஓவியம் இன்று இலண்டனில், பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பருத்தித் துணியில் தீட்டப்பட்டது. பக்கம் ஒரு மீற்றருக்குச் சற்று அதிகம். ஏட்டுக்குள் அடங்கும் சிற்றோவியங்களோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிது. தோட்டத்து மண்டபமொன்றைச் சூழ இளவரசர்கள் அமர்ந்திருக்கிறார்கள். வரையப்பட்ட காலம் ஏறத்தாழ 1550–1555.

அந்தக் காலத்தைக் கவனிக்க வேண்டும். 1540 இல் ஷேர்ஷாவிடம் தோற்ற ஹுமாயூன் இந்துஸ்தானத்தை இழந்து, ஈரானில் ஷா தஹ்மாஸ்பிடம் அடைக்கலம் புகுந்தார். பின்னர் காபூல் கைக்கு வந்தது. டில்லி திரும்பக் கிடைத்ததோ 1555 இல்தான். இடைக்காலத்தில் மீர் சையித் அலி, அப்துஸ் ஸமத் என்ற ஈரானிய ஓவியர்களைக் காபூலுக்கு வரவழைத்தார். “நாட்டையே பறிகொடுத்த மனிசனுக்கு ஓவியர் என்னத்துக்கு?” என்று கேட்கத் தோன்றும். யாரும் பறிக்க முடியாமல் அவரிடம் எஞ்சியிருந்த சொத்து பரம்பரை ஒன்றுதான். அதைக் கண்ணால் காணும்படி காட்டிய சாட்சிப் பத்திரம் இந்த ஓவியம் என்றே நான் கருதுகிறேன்.

பத்திரத்தில் பிற்பாடும் பெயர்கள் ஏறின. அக்பர், ஜஹாங்கீர், ஷாஜஹான் ஆகியோரின் உருவங்கள் பின்னாளில் இதில் சேர்க்கப்பட்டன. ஹுமாயூன் மௌத்தானது 1556 இல். ஜஹாங்கீர் பிறந்தது 1569 இல். ஒருவரை ஒருவர் காணாத பாட்டனும் பேரனும் ஒரே சபையில் இருக்கிறார்கள். நடந்த விருந்தொன்றைப் பதிவதல்ல, உரிமையின் தொடர்ச்சியை நிறுவுவதே நோக்கம்.

சரி, இந்தச் சபையில பெண்டுகள் எங்கே? இதில் பெயர் சொல்லி அடையாளம் காணப்படும் முகங்கள் ஆண்களுடையவை. ஆனால் ஹுமாயூனின் சகோதரி குல்பதன் பேகம், அக்பரின் வேண்டுகோளுக்கிணங்க, பாரசீகத்தில் ‘ஹுமாயூன் நாமா’ எழுதினார். விருந்துகளில் கலந்துகொண்ட பெண்களை அதில் பெயர் பெயராகச் சொல்கிறார். அலைந்து திரிந்த காலத்து இழப்புகளையும் சொல்கிறார். நமக்குக் கிடைத்திருக்கும் பிரதியோ பாதியில் நின்றுவிடுகிறது.

குடும்பப் படமொன்றைப் பார்க்கும்போது, இருப்பவர்களை எண்ணினால் மட்டும் போதாது. இடம் கிடைக்காமல் போனவர்களையும் தேட வேண்டும். குல்பதனின் ஏட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தத் தோட்டத்துச் சபையில் எத்தனை பேருக்கு இடம் விடப்படவில்லை என்பது விளங்கும்.