கணக்கில்லாத ஏழாண்டு: நியூ சவுத் வேல்ஸில் தண்டனைக் காலம்

ஏழாண்டு நாடுகடத்தல் என ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தால், அவ்வேழாண்டு முடிவுறும் நாள் எது? அவுஸ்திரேலியாவின் முதலாவது பிரித்தானியக் குடியேற்றத்தில் இவ்வினாவுக்கு விடை கூற எவராலும் இயலவில்லை. 1787 மே மாதத்தில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டு, 1788 சனவரியில் சிட்னியை அடைந்த பதினொரு கப்பல்கள் எழுநூறுக்கு மேற்பட்ட கைதிகளையும், அவர்களுக்கு வேண்டிய உணவையும் கருவிகளையும் கொண்டு சென்றன. அவர்தம் தண்டனைக் காலத்தைக் காட்டும் பத்திரங்கள் மட்டும் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டன.

கைதிகளிற் பெரும்பாலோர் ஏழாண்டுத் தண்டனை பெற்றவர்கள். அக்காலம் தீர்ப்பு நாளிலிருந்தே கணிக்கப்பட்டமையால், சிலர் கப்பலேறுமுன்பே அதிற் பாதிக்கு மேல் கழித்திருந்தனர். 1782 இல் கோண்வோலில் தண்டிக்கப்பட்ட ஜேம்ஸ் றூஸ் 1789 இல் விடுதலைக்கு உரியவனானான். அவனைப் போன்றோர் தம் காலம் முடிந்தது என முறையிட்டபோது, சான்று இல்லாமையால் லண்டனிலிருந்து பத்திரங்கள் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதே தேசாதிபதி ஆதர் பிலிப்பின் விடையாயிற்று. அதுவரை அவர்கள் கைதிகளாகவே உழைத்தல் வேண்டும்.

ஜோன் கலிஹோண் என்பவன் பொறுக்கவில்லை. 1789 யூலையில் தன் விடுதலையைக் கோரியவன், உப தேசாதிபதி றொபேட் றொஸ் கூறியதாகச் சில சொற்களையும் எடுத்துரைத்தான். அவை பொய்யெனக் கொள்ளப்பட்டு, அவனுக்கு 600 கசையடியும் ஆறு மாத விலங்கும் விதிக்கப்பட்டன. குற்றச்சாட்டு அவதூறு பற்றியது என்பது மெய்யே. ஆயின் அவன் அப்போது கைதியா, சுதந்திர மனிதனா என்பதைத் தீர்க்கும் பத்திரம் அம்மன்றின் முன் இருக்கவில்லை.

இதனை எழுதுவினைஞரின் கவனக்குறைவு எனக் கொள்வது எளிது. பத்திரங்கள் விடுபட்டமை கவனக்குறைவாயிருக்கலாம். ஐயத்தின் சுமையைக் கைதியின் தோளில் ஏற்றியமை அவ்வாறன்று. றூஸின் பத்திரமும் இங்கிலாந்திலேயே கிடந்தது. எனினும் பயிர்ச்செய்கைக்கு முன்வந்த அவனுக்கு 1789 நவம்பரில் றோஸ் ஹில்லில் நிலம் ஒதுக்கப்பட்டது. பின்னர் 30 ஏக்கர் உரித்தாயிற்று. உணவுப் பஞ்சம் அச்சுறுத்திய குடியேற்றத்துக்கு விவசாயி தேவைப்பட்டான். ஒரே ஐயம் இருவர் விடயத்தில் இருவகையாகக் கையாளப்பட்டதற்குக் காரணம் சட்டமன்று, தேவையே என்பது என் கருத்து.

1791 யூலையில் காலம் முடிந்தோர் ஒன்றுகூட்டப்பட்டு, இங்கிலாந்து திரும்புவதற்குத் தடையில்லை, ஆனால் அரசு உதவாது என அறிவிக்கப்பட்டனர். கப்பற் கூலிக்கு வழியற்றவனுக்கு ஏழாண்டு என்பது ஆயுளாகியது.

பின்னர் ஐயம் வேறிடத்துக்கு மாறியது. காலம் முடியுமுன் தனக்கென உழைக்க இடமளித்த விடுப்புச் சீட்டு நெடுங்காலம் தேசாதிபதியரின் விருப்பத்தைச் சார்ந்திருந்தது. 1832 ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டம், ஏழாண்டுத் தண்டனை பெற்றவன் நான்காண்டும், பதினான்காண்டு பெற்றவன் ஆறாண்டும், ஆயுள் தண்டனை பெற்றவன் எட்டாண்டும் கழித்த பின்னரே சீட்டுப் பெறலாம் என வரையறுத்தது. ஒரு தண்டனைக்குள் இரண்டு எண்கள் இவ்வாறு இடம்பெற்றன. தீர்ப்பிற் கேட்டது ஏழு; கைதி எண்ணியது நான்கு.

நியூ சவுத் வேல்ஸின் 1999 ஆம் ஆண்டுத் தண்டனை விதிப்பு நடைமுறைச் சட்டம், பிணை விடுதலைக்கு இடமில்லாத இக்குறைந்தபட்சக் காலத்தை நீதிபதியே முதலில் நிர்ணயிக்க வேண்டும் என்கின்றது. அதனுடன், தண்டனை தொடங்கும் நாளையும் கைதி விடுதலைக்கு உரியவனாகத் தோன்றும் மிக முந்திய நாளையும் அவர் குறிப்பிடுதல் வேண்டும். 1789 இல் கலிஹோணிடம் இல்லாதிருந்தவை இவ்விரு தேதிகளே.